ஆமைக்கு முன்னால் தொட்டி வரட்டும்

மதுரை திருநகரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மகளுக்கு அடுத்த வாரம் பத்தாவது பிறந்தநாள். மீன் கடையில் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பச்சை ஆமைக்குட்டியைப் பார்த்ததிலிருந்து அதுதான் வேண்டும் என்கிறாளாம். கடைக்காரர் நடுவில் பிளாஸ்டிக் தென்னைமரம் நட்ட ஒரு கிண்ணத்தைக் காட்டி, இதுவே போதும், ஆனால் ஜோடியாக வாங்குங்கள், தனியாக இருந்தால் ஏங்கிச் செத்துவிடும் என்றிருக்கிறார். வீட்டில் அம்மா "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று ஒரே பிடியாக நிற்கிறார். வாங்கும் முன்னால் எதையெல்லாம் தயார் செய்ய வேண்டும் என்பது கேள்வி.

அம்மாவிடமிருந்தே தொடங்குகிறேன், தம்பி. பதினெட்டு வருஷமாக ஆமை வளர்க்கிறேன். நான் பார்த்தவரையில் ஆமை புகுந்து கெட்ட வீடுகளைவிட, வீட்டுக்குள் புகுந்து கெட்ட ஆமைகள்தான் அதிகம். காரணம் எப்போதும் ஒன்றுதான்: ஆமையை முதலில் வாங்கிவிட்டுத் தொட்டியைப் பிறகு தேடுவார்கள். தொட்டி ஆமைக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னால் வீட்டுக்கு வர வேண்டும். அடுத்த வாரம் ஆமை என்பது நடக்காது. அதை மகளிடம் எப்படிச் சொல்வது என்பதற்குக் கடைசியில் ஒரு வழி சொல்கிறேன்.

நீங்கள் பார்த்தது, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருந்தால், செங்காது ஆமை. ரெட் இயர்டு ஸ்லைடர் என்பார்கள். சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம். இன்றைக்கு நாலைந்து சென்டிமீட்டர். ஆண் என்றால் 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை வளரும், பெண் என்றால் 25, சில 30 வரைகூடப் போகும். சாப்பாட்டுத் தட்டு அளவு. குட்டியில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்ல முடியாது, அதனால் பெண் என்றே வைத்துத் திட்டம் போடுங்கள். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 20 வருஷம் தாண்டி, 30 வருஷம்கூட இருக்கும். உங்கள் மகள் கல்யாணமாகிப் போன பிறகும் அது உங்களோடுதான் இருக்கும். ஏங்கிச் செத்துவிடும் என்பது வியாபாரம். ஆமைக்குத் துணை வேண்டாம். ஒரே தொட்டியில் இரண்டு இருந்தால் பெரியது சின்னதன் வாலையும் காலையும் கடிக்கும், வெயில் காயும் இடத்திலிருந்து தள்ளிவிடும். ஒன்று போதும்.

அப்படியானால் தொட்டி எவ்வளவு பெரிது? ஓடு ஓர் அங்குலம் வளர்ந்தால் சுமார் 40 லிட்டர் தண்ணீர் என்பது வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் மனக்கணக்கு. குட்டிக்கு இரண்டடித் தொட்டி வாங்கி, வருஷத்துக்கு ஒருமுறை மாற்றி, பணத்தைக் கரைப்பதைவிட ஒரேயடியாக 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்துக்குப் போய்விடுங்கள். முழுக்க நிரப்பினால் ஏறக்குறைய 240 லிட்டர். ஆமைக்கு முழுக்க நிரப்ப மாட்டோம், முக்கால் வரைக்கும்தான், 180 லிட்டர். குட்டி வந்த புதிதில் இன்னும் குறைவாக வையுங்கள். ஓட்டின் நீளத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம் இருந்தால் நீந்தவும் செய்யும், கவிழ்ந்தால் புரண்டு நிமிரவும் செய்யும். பெண் ஆமை முழுசாக வளர்ந்தால் இதுவும் போதாமல் போகலாம், அப்போது மாடியில் தொட்டி கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம்.

தண்ணீர் மட்டும் 180 கிலோ. கண்ணாடி, கல், ஸ்டாண்டு சேர்ந்தால் கால் டன் தாண்டும். டிவி ஸ்டாண்டு மேலேயோ பிளைவுட் மேசை மேலேயோ இதை வைக்காதீர்கள். இரும்பு ஆங்கிளில் வெல்டிங் பட்டறையில் சொல்லி ஸ்டாண்டு அடித்து, சுவரோரமாக, மட்டம் பார்த்து நிறுத்துங்கள். கண்ணாடிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே ஒரு தெர்மாகோல் ஷீட் போட்டால் சின்ன மேடு பள்ளத்தை அது வாங்கிக்கொள்ளும், அடிக்கண்ணாடி விரிசல் விடாது. வாடகை வீட்டு மாடி என்றால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கண்ணாடிதான் வேண்டும் என்று இல்லை. என்னிடம் இருப்பதில் எனக்குப் பிடித்தது ரோட்டோரத்தில் விற்கிற சிமெண்ட் மாட்டுத்தொட்டி. விலை குறைவு, சீக்கிரம் சூடேறாது, உடையாது. ஒரே தொல்லை, புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கித் தண்ணீர் காரமாகிவிடும். நிரப்பி, இரண்டு நாள் விட்டு, கொட்டி, மறுபடி நிரப்பி என்று மூன்று வாரமாவது பண்ண வேண்டும். மீன் வளர்ப்பவர்கள் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிடுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். வீடே ஒரு வாரம் நாறியது, அது வேறு கதை.

இனி இந்தப் பதிலிலேயே முக்கியமான விஷயம். இணையத்தில் ஆமைத் தொட்டியைப் பற்றி நீங்கள் படிப்பதில் பெரும்பகுதி குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. ஹீட்டர் வாங்கு, தண்ணீரைச் சூடாக வை, அறையைக் கதகதப்பாக வை என்று பத்தி பத்தியாக இருக்கும். மதுரைக்கு அதைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். இந்த ஆமைக்குத் தண்ணீர் 24 முதல் 28 டிகிரி இருந்தால் போதும். நம் ஊரில் வருஷத்தில் பாதி நாள் அந்த அளவுக்குத் தண்ணீரைக் குளிர்விப்பதுதான் பாடு. மார்கழி, தை இரவுகளில் குட்டிக்கு ஒரு சின்ன ஹீட்டர் உதவும், அதற்கும் மேல் ஒரு பிளாஸ்டிக் கூடு மாட்ட வேண்டும், இல்லையென்றால் கடித்து உடைத்துவிடும். வளர்ந்த ஆமைக்கு அதுவும் தேவைப்படாது.

வெயிலால் நானே ஒன்றை இழந்திருக்கிறேன். ஆரம்பத்தில் நரிமேட்டில் குடியிருந்தோம். வெயில் பட்டால் ஓட்டுக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, இரண்டடிக் கண்ணாடித் தொட்டியை அப்படியே தூக்கி மொட்டைமாடியில் வைத்துவிட்டு, விடிவதற்கு முன்னால் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கக் கிளம்பிவிட்டோம். ஏழு மணிக்கெல்லாம் திரும்பிவிடலாம் என்று நினைப்பு. கூட்டத்தில் மாட்டி, நீர்மோர்ப் பந்தல் பந்தலாக நின்று, வீடு வந்து சேர்ந்தபோது பதினொன்றரை. தொட்டியில் கையை விட்டேன், குளிக்க விளாவிய வெந்நீர் மாதிரி இருந்தது. ஆமை ஒரு மூலையில் கழுத்தை முழுக்க நீட்டி மிதந்துகொண்டிருந்தது. ஏறி ஒதுங்க ஒரு கல் இல்லை, நிழலுக்கு ஓர் அட்டை இல்லை. கண்ணாடித் தொட்டி வெயிலில் அடுப்பாகிவிடும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதனால் தொட்டி வீட்டுக்குள், மேற்கு வெயில் படாத சுவரோரம். மாடியோ முற்றமோ என்றால் சிமெண்ட் தொட்டி, மேலே பச்சை நிழல்வலை, அதிலும் பாதி இடமாவது முழு நிழல். பூனை, காக்கை வராதபடி கம்பிவலை மூடி. அழகர்கோவில் பக்கம் வீடு என்றால் குரங்கையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து மிதக்கவிடலாம், தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டலாம், டேபிள் ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் வீசவிடலாம். ஐஸ்கட்டியை நேரே கொட்டி ஒரேயடியாகக் குளிர வைக்க வேண்டாம். இன்னொன்று: மே மாதத்தில் பகல் இரண்டு மணிக்கு மேல்நிலைத் தொட்டிக் குழாயைத் திறந்தால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். தண்ணீர் மாற்றுவதை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து ரூபாய்ப் பொருளை நம்பாமல் நல்லதாக ஒரு தெர்மாமீட்டர் தண்ணீருக்குள்ளும், இன்னொன்று மேடையிலும் இருக்கட்டும்.

மேடை என்றால் ஆமை தண்ணீரை விட்டு முழுக்க வெளியே ஏறி, வயிற்றடி ஓடுவரை காய்கிற இடம். இது இல்லாத தொட்டி ஆமைத்தொட்டியே இல்லை. ஓடு காயாமல் ஈரத்திலேயே கிடந்தால் பூஞ்சை பிடிக்கும், அழுகும். கடையில் ரப்பர்க் கிண்ணம் வைத்துக் கண்ணாடியில் ஒட்டுகிற மிதவை மேடை கிடைக்கும். குட்டிக்குச் சரி, ஆமை அரைக் கிலோ ஆனதும் இரவில் பொத்தென்று விழும். நான் செய்வது இதுதான்: பிளம்பிங் பிவிசி குழாயில் நாலுகால் சட்டம், மேலே சொரசொரப்பான தரை டைல் ஒன்று, ஏறுவதற்குச் சாய்வாக இன்னொரு துண்டு. ஒட்டுவதற்குப் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத, மீன் தொட்டிக்கென்றே விற்கிற சிலிகான். ஒட்டி மூன்று நாள் காயவிடுங்கள், காடி நாற்றம் சுத்தமாகப் போன பிறகுதான் தண்ணீர். மேடையிலிருந்து ஆமை எட்டிப் பிடிக்க முடியாத உயரத்தில் தொட்டி விளிம்பு இருக்கட்டும். மெதுவாக நடப்பதற்கு உதாரணம் சொல்லும் பிராணிதான், ஆனால் சுவரேறிக் குதிப்பதில் கெட்டி.

மேடைக்கு மேல் இரண்டு விளக்கு வேண்டும். ஒன்று சூட்டுக்கு: சாதாரண 40 வாட் குண்டு பல்பு போதும். மேடையில் 32 முதல் 35 டிகிரி வந்தால் சரி. சித்திரையில் நம் கூடமே அந்த அளவுக்கு இருக்கும், அப்போது அணைத்துவிடலாம். இன்னொன்று யூவிபி விளக்கு, அதாவது வெயிலில் இருக்கிற ஒரு வகைப் புற ஊதாக் கதிரைத் தருகிற விளக்கு. அந்தக் கதிர் பட்டால்தான் ஆமையின் உடம்பில் வைட்டமின் டி3 உண்டாகி, தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்புக்கும் ஓட்டுக்கும் போய்ச் சேரும். இல்லையென்றால் ஓடு ரப்பர் மாதிரி அமுங்கும். சன்னலோரம் வைத்தால் போதாதா என்பார்கள். போதாது, யூவிபி கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். டியூப்லைட்டிலும் எல்இடியிலும் அது கிடையாது. ஊர்வனவற்றுக்கென்று 5.0 என்று குறித்து வருகிற யூவிபி டியூபை ஓர் அடி உயரத்தில் மாட்டி, பகலில் பத்து மணி நேரம் எரியவிட்டு, எரிந்தாலும் எரியாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒருவர் ஆர்ஓ மெஷினில் இருக்கிற யூவி விளக்கை மாட்டலாமா என்று என்னிடம் கேட்டார். கூடவே கூடாது. அது கிருமியைக் கொல்கிற வேறு கதிர், ஆமையின் கண்ணையும் உங்கள் கண்ணையும் சேர்த்தே பதம் பார்க்கும்.

மதுரைக்காரர்களுக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம் உண்டு. காலை எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் டப்பில் கொஞ்சம் தண்ணீர், ஒரு கல், பாதிக்கு மேல் மூடி அட்டை என்று வைத்து இருபது நிமிஷம் நேர் வெயிலில் விட்டால், வாரத்தில் நாலைந்து நாள் அப்படிச் செய்தால், விளக்குக்கு அது நல்ல துணை. நீங்களும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு போன் வந்தது, உள்ளே போய்விட்டேன் என்பதெல்லாம் ஆகாது. என் கதை மேலே இருக்கிறது.

ஒரு மாதம் எதற்கு என்று இப்போது சொல்கிறேன். ஆமை சாப்பிடுவதும் கழிப்பதும் ஒரே தண்ணீரில். அந்தக் கழிவிலிருந்து அமோனியா வரும். அதைத் தின்று நைட்ரைட் ஆக்க ஒரு வகை நுண்ணுயிர், அந்த நைட்ரைட்டை அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட் ஆக்க இன்னொரு வகை. இவை ஃபில்டர் பஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும் குடியேறிப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், பால் ஊற்றியதுமே தயிர் கேட்கக் கூடாது. தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, ஆமை இல்லாமலேயே தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு வாருங்கள். அது அழுகி அமோனியா தரும். மருந்துச் சொட்டு விட்டுப் பார்க்கிற டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அமோனியாக் குழாயில் மஞ்சள் நின்றால் சுத்தம், பச்சை ஏறினால் இருக்கிறது. முதலில் பச்சை கூடிக்கொண்டே போகும், பிறகு நைட்ரைட் ஏறும், ஒரு நாள் இரண்டும் இறங்கி நைட்ரேட் மட்டும் காட்டும். தீனி போட்டுக்கொண்டிருக்கும்போதே அப்படி ஒரு வாரம் நின்றால் தொட்டி தயார். தெரிந்தவர் வீட்டில் நோயில்லாத தொட்டி ஓடிக்கொண்டிருந்தால், அவர் ஃபில்டரிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சை ஈரத்தோடு வாங்கிவந்து உங்களுடையதில் வையுங்கள். அதுதான் உறைமோர், நாள் பாதியாகக் குறையும்.

ஃபில்டர் வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு மீனுக்கானது. ஆமை அழுக்கு அதைவிடப் பல மடங்கு, அதனால் 180 லிட்டருக்கு 400, 500 லிட்டர் போட்டிருப்பதாகப் பாருங்கள். மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்துவார்களே, அன்றைக்கு, தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக இருக்கிற கேனிஸ்டர் ஃபில்டருக்குள் தண்ணீர் தேங்கிப் பிராணவாயு தீர்ந்து நுண்ணுயிர் செத்துப்போகும். கரண்டு வந்ததும் அந்த அழுகல் தண்ணீரை அப்படியே தொட்டிக்குள் விடாமல், முதலில் கழற்றி, தொட்டித் தண்ணீரிலேயே அலசி மாட்டுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசக் கூடாது, குளோரின் மிச்சத்தையும் கொன்றுவிடும். மாநகராட்சித் தண்ணீர் என்றால் ஒரு நாள் வாளியில் வைத்தோ, கடையில் விற்கிற குளோரின் முறிப்புச் சொட்டு விட்டோதான் ஊற்ற வேண்டும். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தாலும் ஆமைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, கண்ணாடியில்தான் வெள்ளைப் படிவு ஏறும். வாரத்துக்கு ஒருமுறை கால்வாசி, அதாவது பெரிய வாளியில் மூன்று வாளி, மாற்றினால் போதும். எடுத்த தண்ணீரைத் தென்னைக்கும் வாழைக்கும் ஊற்றுங்கள், இதைவிட நல்ல உரம் கிடையாது. ஒயர்கள் ப்ளக்கை விடக் கீழே ஒருமுறை தொங்கி வளைந்து மேலேறட்டும், அப்போதுதான் வழிகிற தண்ணீர் ப்ளக்குக்குள் போகாமல் தரையில் சொட்டும்.

அடியில் கலர்க்கல் போடாதீர்கள். ஆமை விழுங்கும், குடல் அடைக்கும். வெறும் தரைதான் கழுவ எளிது. அழகு வேண்டும் என்றால் அதன் தலையைவிடப் பெரிய கூழாங்கல் நாலைந்து. செடிக்கு வேலம்பாசி நல்லது, தின்றுவிடும், தின்னட்டும். வைகையிலிருந்தோ வண்டியூர்க் கண்மாயிலிருந்தோ அள்ளிவர வேண்டாம், சாக்கடையும் சேர்ந்து வரும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை கிடைக்கும், கணவாய் மீனின் உள்ளோடு. ஒரு துண்டை, முதுகுப் பக்கத்துக் கெட்டித் தோலைச் சீவிவிட்டு மிதக்கவிட்டால் சுண்ணாம்புச் சத்துக்குக் கொறித்துக்கொள்ளும். தீனியைப் பற்றி இங்கே நீட்டப் போவதில்லை: குட்டிக்குத் தலை அளவு தீனி உருண்டை தினம் ஒருவேளை, வளர வளரக் கீரை கூட, கருவாட்டுக் கடை உப்புக் கூனி வேண்டாம்.

மகள் இருக்கிற வீடு என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆமையின் உடம்பில் சால்மொனெல்லா கிருமி சாதாரணமாக இருக்கும், ஆமைக்கு ஒன்றும் செய்யாது, நமக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கொடுக்கும். குழந்தைகள் வாயில் வைத்துவிடுகிறார்கள் என்றுதான் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை வளர்ப்புக்கு விற்க அமெரிக்காவில் 1975-இல் தடையே போட்டார்கள். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டிச் சாமான் எதையும் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. அதற்கென்று தனி வாளி, தனி குவளை. வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் இப்போதைக்கு ஆமையே வேண்டாம் என்பேன்.

யாராவது கண்மாயில் பிடித்த பால் ஆமையையோ நட்சத்திர ஆமையையோ மலிவாகத் தருகிறேன் என்றால் பக்கத்திலேயே போகாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வைத்திருப்பதே குற்றம். அதேபோல், செங்காது ஆமை பெரிதாகி அலுத்துப்போனால் தெப்பக்குளத்தில் விட்டால் புண்ணியம் என்று சொல்பவர்கள் உண்டு. உலகின் மிக மோசமான 100 அந்நிய உயிரினங்கள் என்ற பட்டியலில் இருக்கிற ஜீவன் அது. நம் ஊர் ஆமைகளின் இடத்தையும் இரையையும் பிடுங்கிக்கொள்ளும். குளத்தில் விடுவதற்கென்று வாங்குவதானால் வாங்கவே வேண்டாம்.

செலவையும் பார்த்துவிடுங்கள். ஆமை சில நூறு ரூபாய். தொட்டி, ஸ்டாண்டு, ஃபில்டர், விளக்கு எல்லாம் சேர்ந்தால் பத்தாயிரத்தைத் தாண்டும். இதைக் கேட்டுத் தயங்கினால் தயங்குவதே சரி.

சரி, பிறந்தநாளுக்கு வருவோம். அன்றைக்கு ஆமையைக் கொடுக்காதீர்கள், தொட்டியைக் கொடுங்கள். ஃபில்டர் ஓடுகிற, விளக்கு எரிகிற, மேடை வைத்த வெறும் தொட்டி. கூடவே ஒரு நோட்டு. தினமும் சிட்டிகைத் தீனி போடுவதும், மூன்று நாளுக்கு ஒருமுறை சொட்டு விட்டு நிறம் பார்த்து எழுதுவதும், மத்தியானம் தண்ணீர் எத்தனை டிகிரி என்று குறிப்பதும் அவள் வேலை. என் அண்ணன் மகனுக்கு இப்படித்தான் கொடுத்தேன். இரண்டாவது வாரமே நோட்டு காணாமல் போனது, ஆமையும் வாங்கவில்லை, அந்தத் தொட்டியில் இப்போது கப்பி மீன் ஓடுகிறது. உங்கள் மகள் ஒரு மாதம் விடாமல் எழுதினால் அவளையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். கண் வீங்காமல், ஓடு கெட்டியாக, கையில் எடுத்ததும் காலை உதறுகிற குட்டியாக அவளே தேர்ந்தெடுக்கட்டும். தண்ணீர் இல்லாத டப்பாவில் ஈரத்துணி விரித்து, மூடியில் ஓட்டை போட்டு, வெயில் இறங்கிய பிறகு எடுத்து வாருங்கள். வந்ததும் இரண்டு மூன்று நாள் சாப்பிடாது, கல்லுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். கண்ணாடியைத் தட்டாமல் விட்டுவிடுங்கள்.